புத்தகம் பத்திரமாக இருந்தது, எடுக்கத்தான் வழியில்லை: பிரிட்டிஷ் நூலகத் தாக்குதல் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

2023 அக்டோபர் 28, சனிக்கிழமை, அதிகாலை ஒன்றரை மணி. லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் வலையமைப்பிலிருந்து 440 ஜிபி தரவு வெளியே போனது. காலையில் தொழில்நுட்பப் பிரிவு ஊழியர் உள்ளே நுழையப் பார்த்தபோது முடியவில்லை. அன்று தொடங்கி இணையதளம் இல்லை, நூற்பட்டியல் இல்லை, வாசிப்பறையில் வைஃபைகூட இல்லை. ரைசிடா என்ற ரான்சம்வேர் (தரவைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் மென்பொருள்) கும்பல் உள்ளே புகுந்து, கிடைத்ததை அள்ளிக்கொண்டு, மிச்சத்தைப் பூட்டி, தடயத்தை மறைக்கச் சில சர்வர்களை அழித்துவிட்டும் போயிருந்தது.

பலர் இதை ஒரு ஹேக்கிங் செய்தியாகப் படித்துவிட்டுக் கடந்துபோனார்கள். நூலகத் துறையில் இருப்பவர்கள் அப்படிக் கடந்துபோகக் கூடாது என்று நான் உறுதியாக நினைக்கிறேன். காரணம் இதுதான்: அந்தத் தாக்குதலில் ஒரு புத்தகம்கூடத் தொலையவில்லை. ஒரு சுவடிக்கும் சேதமில்லை. டிஜிட்டல் சேகரிப்புகளின் பிரதிகளும் அவற்றின் விவரத் தரவுகளும் தனியாகப் பத்திரமாக இருந்தன. அப்படியிருந்தும் உலகின் மிகப் பெரிய நூலகங்களில் ஒன்று மாதக்கணக்கில் நூலகமாக இயங்க முடியாமல் தவித்தது. பொருள் இருக்கிறது, அது எங்கே இருக்கிறது என்று சொல்வதற்கும் எடுத்துக் கொடுப்பதற்கும் இருந்த அடுக்கு போய்விட்டது. அந்த அடுக்கை நாம் ஐடி பிரிவின் வேலை என்று ஒதுக்கி வைத்திருக்கிறோம். சேகரிப்பைப் பேணுவது என்றால் அதையும் சேர்த்துத்தான் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரிந்து இல்லை.

இவ்வளவு விவரமாக எழுத முடிவதற்கு ஒரு காரணம் உண்டு. 2024 மார்ச் 8 அன்று அந்த நூலகமே தாக்குதல் பற்றி 18 பக்க அறிக்கை ஒன்றை வெளியிட்டது. எப்போது நுழைந்தார்கள், எந்த வழியாக, எதைச் செய்யாமல் விட்டோம், என்ன கற்றுக்கொண்டோம் என்று 16 பாடங்களோடு. அடிபட்ட நிறுவனங்கள் பெரும்பாலும் வழக்கறிஞர் சொல்படி வாயை மூடிக்கொள்ளும் விஷயத்தில், இவர்கள் மற்ற நூலகங்களுக்குப் பயன்படட்டும் என்று திறந்து வைத்தார்கள். அதற்காகவே அவர்கள் மீது எனக்குப் பெரிய மரியாதை.

எவ்வளவு பெரிய இடம்?

1973-இல் பிரிட்டிஷ் மியூசியத்தின் நூலகத்தையும் வேறு சில நிறுவனங்களையும் சேர்த்து உருவாக்கியது இது. 17 கோடி பொருட்களுக்கு மேல் இருக்கிறது. நாட்டில் அச்சாகும் ஒவ்வொரு நூலிலும் ஒரு பிரதி இங்கே வந்தாக வேண்டும் என்பது சட்டம். 2013-இலிருந்து மின்னூல், மின்னிதழ், இணையப் பக்கம் எல்லாமும் அந்தச் சட்டத்துக்குள் வந்துவிட்டன.

வாசகர்கள் போய் உட்காருவது லண்டன் செயின்ட் பாங்க்ராஸ் கட்டடத்தில். ஆனால் பெரும்பகுதி சேகரிப்பு இருப்பது வடக்கே யார்க்‌ஷயரில், பாஸ்டன் ஸ்பா என்ற இடத்தில். அங்கே 2009-இல் திறந்த ஒரு சேமிப்புக் கட்டடத்தில் 262 கிலோமீட்டர் நீளத்துக்கு அடுக்கு, சுமார் 70 லட்சம் பொருட்கள். நமக்குப் பழகிய மாதிரி பாடவாரியாகவோ எண்வரிசைப்படியோ அங்கே எதுவும் நிற்காது. புத்தகங்கள் பெட்டிகளில் கிடக்கும், அடிக்கடி கேட்கப்படுவது கைக்கெட்டும் பக்கம், யாரும் கேட்காதது தூரத்தில், தூக்கி வருவது ரோபோ கிரேன். எந்தப் பெட்டி எங்கே என்பது மென்பொருளுக்குத்தான் தெரியும். தீப்பிடிக்காமல் இருக்க உள்ளே ஆக்சிஜன் அளவைக் குறைத்து வைத்திருக்கிறார்கள், ஆகவே பத்துப் பேரை அனுப்பித் தேடி எடுத்துவரும் இடமும் இல்லை அது.

கட்டியபோது இது அருமையான ஏற்பாடு, இப்போதும் அப்படித்தான். இடம் மிச்சம், தாள் நீடித்து இருக்கும், ஆள் குறைவு. ஆனால் மென்பொருள் நின்றதும் பாஸ்டன் ஸ்பா சேகரிப்பின் பெரும்பகுதி வாசகருக்கு மாதக்கணக்கில் எட்டாமல் போனது. செயின்ட் பாங்க்ராஸ் அடித்தளத்தில் பழைய முறையில் அடுக்கியிருந்ததை மட்டும், அழைப்பெண் (நூல் அடுக்கில் எங்கே இருக்கிறது என்று காட்டும் எண்) தெரிந்த வாசகர் காகிதச் சீட்டில் எழுதிக் கொடுத்தால், ஊழியர் நடந்து போய் எடுத்து வர முடிந்தது.

எந்த வாசல் வழியாக வந்தார்கள்?

நேரடியாகச் சொன்னால், கடவுச்சொல் மட்டும் கேட்ட ஒரு வாசல் வழியாக. 2020 பிப்ரவரியில் ஒரு டெர்மினல் சர்வரை நிறுவியிருந்தார்கள். வெளியில் இருக்கும் ஒப்பந்த நிறுவனங்களும் உள்ளே இருக்கும் ஐடி நிர்வாகிகளும் தொலைவிலிருந்து வேலை பார்ப்பதற்கானது. அடுத்த மாதமே கொரோனா வந்து அதன் பயன்பாடு கூடிவிட்டது. 2020 இறுதியில் மின்னஞ்சல், டீம்ஸ் போன்ற கிளவுட் சேவைகளுக்கு எல்லாம் செல்பேசி வழியாக இன்னொரு முறை உறுதிசெய்யும் பலகட்டச் சரிபார்ப்பைக் கொண்டுவந்தார்கள். ஆனால் உள்வலையமைப்பில் நுழைவதையும் சில சர்வர்களையும் அதிலிருந்து விட்டுவிட்டார்கள். செலவு, நடைமுறைச் சிக்கல், நடந்துகொண்டிருந்த மற்ற திட்டங்கள் பாதிக்கப்படும் என்ற கவலை. இந்த டெர்மினல் சர்வரும் அப்படி விடுபட்ட ஒன்று.

அக்டோபர் 25 இரவு பதினொன்றரை மணி வாக்கில் முதல் ஊடுருவல் அந்த சர்வரில் பதிவாகியிருக்கிறது. உயர் அதிகாரம் கொண்ட ஒரு கணக்கின் கடவுச்சொல் ஏதோ ஒரு வகையில் கையில் கிடைத்திருக்கிறது. எப்படி என்பதை உறுதியாகச் சொல்ல முடியாத அளவுக்குத் தடயங்கள் அழிக்கப்பட்டிருந்தன. 26-ஆம் தேதி அதிகாலையிலேயே பாதுகாப்பு மேலாளருக்கு எச்சரிக்கை வந்தது. தடுப்பு நடவடிக்கை எடுத்தார்கள், ஸ்கேன் செய்தார்கள், ஒன்றும் சிக்கவில்லை. அது வந்தவன் வேவு பார்த்துவிட்டுப் போன நேரமாக இருக்க வேண்டும் என்று பிறகுதான் புரிந்தது.

இங்கே எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. வெளி ஒப்பந்தக்காரர்கள் இவ்வளவு பேர் உள்ளே வந்து போவது ஆபத்து என்று 2022-லேயே அந்த நூலகம் குறித்து வைத்திருந்தது. அதைப் பற்றிய ஆய்வை 2024-க்குத் திட்டமிட்டிருந்தார்கள். 2019-இல் வாங்கியிருந்த அரசின் இணையப் பாதுகாப்புச் சான்றிதழும், 2022-இல் விதிகள் இறுகியபோது, பழைய அமைப்புகள் காரணமாகப் பொருந்தாமல் போனது. ஆக, தெரியாமல் நடந்தது என்று சொல்ல முடியாது. தெரிந்தது, வரிசையில் நின்றது. நம் ஊர் நூலகக் குழுக் கூட்டத்தில் ‘அடுத்த நிதியாண்டில் பார்த்துக்கொள்ளலாம்’ என்று எழுதி முடிக்கும் தீர்மானம் எத்தனை பார்த்திருக்கிறோம்!

எதைத் திருடினார்கள் என்பதைவிட, எப்படித் தேடினார்கள்

இந்தப் பகுதியைத்தான் தகவல் மேலாண்மை படிக்கும் மாணவர்கள் கூர்ந்து பார்க்க வேண்டும். எல்லாம் சேர்த்து எடுத்துப் போன சுமார் 600 ஜிபியில் 60 விழுக்காடு, நிதி, தொழில்நுட்பம், பணியாளர் ஆகிய பிரிவுகளின் கோப்புறைகளை மொத்தமாக நகலெடுத்தது. மீதி 40 விழுக்காடு முக்கியச்சொல் தேடல் மூலம் கிடைத்தது. பாஸ்போர்ட், ரகசியம் போன்ற சொற்கள் கோப்பின் பெயரிலோ கோப்புறையின் பெயரிலோ இருக்கிறதா என்று முழு வலையமைப்பையும் தேடியிருக்கிறார்கள். இது போக, நூலகத்தின் ஐடி பிரிவே பயன்படுத்தும் நிர்வாகக் கருவிகளை வைத்து 22 தரவுத்தளங்களுக்கு பேக்கப் எடுத்து, அந்தப் பேக்கப்பையும் கொண்டுபோயிருக்கிறார்கள்.

எதற்காக அவ்வளவு தனிப்பட்ட தரவு அங்கே சிதறிக் கிடந்தது? நூலகத்தில் ஒன்றோடொன்று பேசாத பழைய மென்பொருள்கள் பல இருந்தன. ஒன்றிலிருந்து வாசகர் விவரத்தை ஊழியர் கையால் ஏற்றுமதி செய்து, சரிசெய்து, இன்னொன்றில் ஏற்றுவார். இடையில் உருவான கோப்பு ஏதோ ஒரு டிரைவில் அப்படியே தங்கிவிடும். வாசகரின் பெயரும் முகவரியும் ஓரிடத்தில் இருக்க வேண்டியது பல பிரதிகளாகப் பெருகியது இப்படித்தான். அப்புறம் ஊழியர்கள் சொந்தக் கோப்புகளை அலுவலக டிரைவில் வைத்துக்கொள்ள விதி அனுமதித்திருந்தது. அதனால் அவர்களுடைய சொந்த ஆவணங்களும் சேர்ந்தே போயின. எதை வைத்திருக்க வேண்டும், எவ்வளவு காலம், எப்போது கழிக்க வேண்டும் என்பது நாம் ஆவணக் காப்பியலில் படிக்கிற பாடம். புத்தகத்துக்குக் கழிவுக் கொள்கை வைத்திருப்போம், எக்செல் கோப்புக்கு வைத்திருக்க மாட்டோம்.

நவம்பர் 20 அன்று அந்தக் கும்பல் திருடிய தரவுக்கு இருண்ட வலையில் (டார்க் வெப், சாதாரணத் தேடலில் அகப்படாத இணையப் பகுதி) ஏலம் அறிவித்தது. தொடக்க விலை 20 பிட்காயின், அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 6 லட்சம் பவுண்டு. பொதுநிறுவனங்கள் மீட்புப்பணம் கொடுக்கக் கூடாது என்பது பிரிட்டனின் கொள்கை, நூலகம் கொடுக்கவும் இல்லை, அவர்களோடு பேசவும் இல்லை. ஒரு வாரத்தில் ஏறத்தாழ 5 லட்சம் கோப்புகள் இருண்ட வலையில் கொட்டப்பட்டன. கொடுக்காதது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். ஒருவர் கொடுத்தால் அடுத்த நூலகத்துக்கு வருவார்கள். ஆனால் அந்த முடிவின் விலையைக் கொடுத்தவர்கள், பாஸ்போர்ட் நகல் வெளியே போன சாதாரண ஊழியர்கள் என்பதையும் சேர்த்தே பேச வேண்டும்.

பேக்கப் இருந்தும் ஏன் இவ்வளவு நாள்?

எல்லோரும் கேட்கும் கேள்வி இது. பதில்: ஊற்றுவதற்குத் தண்ணீர் இருந்தது, பாத்திரம் இல்லை. தரவின் பிரதி இருந்தாலும் அதை ஏற்றி ஓடவிட வேண்டிய சர்வர்கள் அழிக்கப்பட்டிருந்தன. புதிதாகப் பாதுகாப்பான கட்டமைப்பை எழுப்பினால், பழைய மென்பொருள்களில் பல அதில் ஓடாது, சிலவற்றுக்குத் தயாரித்த நிறுவனத்தின் ஆதரவே நின்றுபோயிருந்தது. கிளவுடில் இருந்த நிதிக் கணக்கும் சம்பளப் பட்டியலும் பிரச்சினையின்றி ஓடின என்பதைக் கவனியுங்கள். அடிவாங்கியது பெரும்பாலும் சொந்தக் கட்டடத்தில் வைத்திருந்த பழைய சர்வர்கள். எல்லாவற்றையும் கிளவுடுக்குத் தூக்கிவிட்டால் தீர்ந்தது என்று இதை வைத்துச் சொல்ல மாட்டேன், அறிக்கையும் அதற்கு வேறு வகை ஆபத்துகள் இருப்பதைச் சொல்கிறது. ஆனால் ‘சர்வர் நம் அறையில் இருக்கிறது, ஆகவே பத்திரம்’ என்ற நம்பிக்கை உடைந்தது நிஜம்.

நூற்பட்டியல் 2024 ஜனவரி 15 அன்று திரும்பியது. சுமார் 3.6 கோடிப் பதிவுகள். ஆனால் தேடிப் பார்க்க மட்டும்தான், அதிலிருந்தே புத்தகத்தைக் கோர முடியாது. 6 லட்சத்துக்கு மேற்பட்ட முனைவர் பட்ட ஆய்வேடுகளின் விவரம் இருந்த ஈதாஸ் சேவை அதைவிட நெடுங்காலம் முடங்கிக் கிடந்தது. நூலகங்களில் இரவல் போகும் ஒவ்வொரு நூலுக்கும் எழுத்தாளருக்குச் சிறு தொகை கொடுக்கும் திட்டத்தை அங்கே இந்த நூலகமே நிர்வகிக்கிறது, அந்தப் பணியும் தடுமாறியது.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. சட்டப்படி வரும் மின்னூல்களைப் பெறும் உரிமை பிரிட்டிஷ் நூலகத்தோடு ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், ஸ்காட்லாந்து, வேல்ஸ், டப்ளின் என வேறு ஐந்து நூலகங்களுக்கும் உண்டு. ஆனால் அவற்றை வாசகருக்கு வழங்கும் கட்டமைப்பு பொதுவானது, லண்டனை நம்பியது. எனவே ஆக்ஸ்ஃபோர்டில் உட்கார்ந்திருந்த மாணவருக்கும் அந்த மின்னூல்கள் கிடைக்கவில்லை. பிரதிகள் வேறு வேறு ஊர்களில் இருந்தன, கதவு ஒன்றாக இருந்தது.

போப் தொகுத்த பட்டியல்

இங்கே தமிழுக்கு ஒரு நேரடித் தொடர்பு உண்டு. பிரிட்டிஷ் மியூசியத்தில் சேர்ந்திருந்த தமிழ் அச்சு நூல்களுக்கு எல்.டி.பார்னெட்டும் ஜி.யு.போப்பும் சேர்ந்து ஒரு பட்டியல் தொகுத்தார்கள். நாம் எல்லோரும் அறிந்த அதே போப்தான். அவர் 1908-இல் இறந்துபோனார், பட்டியல் 1909-இல் அச்சாகி வந்தது. ஆசிரியர், நூல், வெளியான ஊர், ஆண்டு, பக்கத்தில் அழைப்பெண். 19-ஆம் நூற்றாண்டுத் தமிழ்ப் பதிப்புகளைத் தேடுகிறவர்களுக்கு இன்றும் அது பெரிய உதவி, ஏனென்றால் அதில் உள்ள சில பதிப்புகள் இங்கே கிடைப்பதே அரிது. 2023 நவம்பரில் அந்த நூலகத்தின் மின்பட்டியல் முழுக்க இருண்டு கிடந்தபோதும், இந்த அச்சுப் பட்டியல் யாருடைய சர்வரையும் நம்பாமல் வேலை செய்யும் நிலையில் இருந்தது. இதற்காகக் காகிதமே மேல் என்று வாதாட நான் வரவில்லை, 3.6 கோடிப் பதிவுகளைக் காகிதத்தில் யாரும் தேட முடியாது. பட்டியலின் ஒரு பிரதி வேறு வடிவத்தில், வேறு இடத்தில், வேறு ஒருவர் பொறுப்பில் இருக்க வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வருவது.

இன்னொரு தொடர்பும் இருக்கிறது. அழியும் நிலையில் உள்ள ஆவணங்களை எண்மமாக்க 2004-இலிருந்து பிரிட்டிஷ் நூலகம் ஒரு நிதித் திட்டம் நடத்துகிறது. சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் பழைய தமிழ் அச்சு நூல்களையும் இதழ்களையும் அதில் எண்மமாக்கியிருக்கிறது. அந்தத் திட்டத்தின் விதி: மூலம் நாட்டை விட்டு வெளியே போகக் கூடாது, எண்மப் பிரதி உள்ளூர் நிறுவனத்திலும் இருக்க வேண்டும், லண்டனிலும் இருக்க வேண்டும். தாக்குதலுக்குப் பிறகு லண்டன் பக்கத்தின் படங்கள் பல மாதங்கள் இணையத்தில் கிடைக்கவில்லை. அந்த விதி இருந்ததால்தான் அது இழப்பாக மாறாமல் அசௌகரியமாக நின்றது. பல ஆண்டுகளுக்கு முன் யாரோ யோசித்து எழுதிய ஒரு வரி!

கனடாவின் டொராண்டோ பொது நூலகமும் அதே அக்டோபர் 28-ஆம் தேதிதான் வேறொரு ரான்சம்வேர் தாக்குதலில் சிக்கியது. 100 கிளைகள் கொண்ட நூலகம். அங்கே கதவுகளை மூடவில்லை, ஊழியர்கள் கையால் எழுதி இரவல் கொடுத்தார்கள். ஆனால் திரும்பி வந்த புத்தகத்தைக் கணினியில் வரவு வைக்க வழியில்லை. வரவு வைக்காமல் அடுக்கில் வைத்தால் பின்னால் கணக்கே குழம்பிவிடும். ஆகவே திரும்பி வந்த லட்சக்கணக்கான புத்தகங்களைப் பெட்டி பெட்டியாக டிரெய்லர் லாரிகளில் ஏற்றி மாதக்கணக்கில் நிறுத்தி வைத்தார்கள். ஒரு சிறு ‘செக்-இன்’ பொத்தான் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு அந்த லாரி வரிசை போதும்.

சரி, நம் பக்கம்

தமிழ்நாட்டில் கல்லூரி நூலகங்களில் பாதிக்கு மேல் நான் பார்த்தவரை ஒரே அமைப்புதான்: கோஹா என்ற நூலக மேலாண்மை மென்பொருள், ஒரே ஒரு கணினியில், நூலகர் மேசைக்குக் கீழே. நிறுவிக் கொடுத்தவர் வெளியூர்க்காரர், அவர் தொலைவிலிருந்து உள்ளே வர எனிடெஸ்க் திறந்தே இருக்கும், கடவுச்சொல் கல்லூரிப் பெயரோடு 123. பேக்கப் அதே கணினியின் டி டிரைவில். நான் முன்பு வேலை பார்த்த ஒரு நூலகத்தில் மின்னல் வெட்டி அந்த ஒரு கணினி போனபோது, டி டிரைவும் சேர்ந்தே போனது. காப்பாற்றியது பழைய அக்சஷன் ரிஜிஸ்டர். தடிமனான சிவப்பு அட்டைப் புத்தகம், ஒவ்வொரு வரியிலும் ஒரு நூல். ஆனால் கோஹா வந்த ஆண்டோடு அதில் எழுதுவதை நிறுத்தியிருந்தார்கள், ஆகவே அதற்குப் பிந்தைய நூல்களை அடுக்கடுக்காகப் பார்த்து மறுபடி ஏற்ற வேண்டியிருந்தது. நாங்கள் நான்கு பேர் கோடை விடுமுறை முழுக்க அதைத்தான் செய்தோம்.

பிரிட்டிஷ் நூலகத்தின் நிதியில் துளிகூட நமக்கு இல்லை, உண்மைதான். ஆனால் அவர்கள் தவறவிட்ட விஷயங்களில் முக்கியமானவற்றுக்குப் பெரிய காசு தேவைப்படவில்லை. வெளியாள் உள்ளே வரும் வழியை அவர் வேலை முடிந்ததும் மூடுவது. வாசகர் பட்டியலை எக்செலில் எடுத்தால் வேலை முடிந்த அன்றே அழிப்பது. மாணவரின் ஆதார் எண்ணை நூலக உறுப்பினர் படிவத்தில் கேட்காமலே இருப்பது, நமக்கு அது எதற்கு? கோஹாவின் பதிவுகளை மாதம் ஒருமுறை மார்க் கோப்பாக (நூல் விவரங்களுக்கான பொது வடிவம்) ஏற்றுமதி செய்து கட்டடத்துக்கு வெளியே ஒரு பிரதி வைப்பது. அக்சஷன் ரிஜிஸ்டரை ஆண்டுக்கு ஒருமுறையாவது அச்சிட்டு பைண்டு செய்வது, தணிக்கைக்காரர்களுக்கும் அது பிடிக்கும். இவற்றில் பலவும் நூலகர் தானே முடிவெடுத்துச் செய்யக்கூடியவை.

ஒன்றே ஒன்று மட்டும் கொஞ்சம் மெனக்கெட வேண்டும், ஆனால் அதுதான் லண்டனில் காலை வாரிய இடம்: மீட்டுப் பார்ப்பது. பேக்கப் கோப்பு இருக்கிறது என்று யாராவது சொன்னால், ஏதாவது ஒரு பழைய கணினியில் புதிதாக கோஹாவை நிறுவி, அந்தக் கோப்பை அதில் ஏற்றச் சொல்லுங்கள். ஏற்றிய பிறகு ஓபேக்கில் (வாசகர் தேடும் கணினிப் பட்டியல்) நீங்களே ஒரு நூலைத் தேடி, அழைப்பெண்ணைக் குறித்துக்கொண்டு அடுக்குக்குப் போய்ப் பாருங்கள். எத்தனை மணி நேரம் பிடித்தது என்று எழுதி வையுங்கள். கோப்பு ஏறவே இல்லை என்றால், அதை நிறுவிக் கொடுத்தவரை இந்த வாரமே கூப்பிடுங்கள்.